பத்து மணி நெரிசலும் கெர்னலின் எண்களும்

திருமலையில் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனத்துக்கான டிக்கெட்டுகளைத் தேவஸ்தானம் அண்மை ஆண்டுகளில் மாதம் ஒருமுறை இணையத்தில் திறந்துவிடுகிறது. வழக்கமாக 24ஆம் தேதி வாக்கில், காலை 10 மணிக்கு. மூன்று மாதம் கழித்து வரும் தரிசனத்துக்கு இன்றே போட்டி. 9.55 வரை ஓய்வாக இருந்த தளத்தை 10 மணி அடித்ததும் சித்தூர், சென்னை, பெங்களூர், கோலாலம்பூர் என்று எல்லா ஊர்க்காரர்களும் ஒரே நேரத்தில் தட்டுகிறார்கள். ரயில்வேயின் தத்கால் முன்பதிவும் தேர்வு முடிவு நாளும் இதே வகைதான். நாள் முழுக்கப் பரவ வேண்டிய கூட்டம் ஒரு நிமிடத்துக்குள் வந்து நெருக்குகிறது.

அந்த நேரத்தில் சர்வர் திணறினால், அதை நிறுத்திவிட்டு அமைப்புகளை மாற்றி மறுபடி ஏற்ற முடியாது. லினக்ஸ் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. இயங்கிக்கொண்டிருக்கும் கெர்னலின் நூற்றுக்கணக்கான எண்களை, ஒரு நொடிகூட நிறுத்தாமல், ஒற்றை வரிக் கட்டளையால் மாற்றலாம். கட்டளையின் பெயர் சிஸ்சிடிஎல். மாற்ற முடியும் என்பதில் சந்தேகம் இல்லை. மாற்றினால் என்ன நடக்கிறது, நெரிசலுக்கு அது எவ்வளவு தூரம் மருந்து, எங்கே அதுவே நோயாகிறது என்பவையே இந்தக் கட்டுரையின் கேள்விகள்.

பழைய யூனிக்ஸில் இந்த வசதி கிடையாது. ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகள் திறந்திருக்கலாம், எத்தனை நிரல்கள் ஓடலாம் என்பதெல்லாம் கெர்னலைக் கட்டும்போதே உள்ளே பதிந்துவிடும். மாற்ற வேண்டுமானால் மறுபடி கட்டி, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். துணிச்சல்காரர்கள் பிழைதிருத்திக் கருவியைக் கெர்னலின் நினைவகத்தின் மேலேயே திறந்து, மாறி எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடிப் பிடித்து நேரடியாக எண்ணை மாற்றுவார்கள். இடம் ஒன்று தவறினால் மொத்த இயந்திரமும் படுத்துவிடும். 1993இல் வந்த 4.4 பிஎஸ்டி, சிஸ்சிடிஎல் என்ற பெயரில் இதற்கு ஒழுங்கான வாசல் திறந்தது. லினக்ஸ் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, வேறொரு இடத்திலிருந்து வேறொரு யோசனையையும் சேர்த்துக்கொண்டது. ஓடும் நிரல்களைக் கோப்புகள் போலக் காட்டலாம் என்று பெல் ஆய்வுக்கூடத்தின் டாம் கில்லியன் 1984இல் செய்து காட்டியிருந்தார். லினக்ஸில் /ப்ராக்/சிஸ் என்ற அடைவுக்குள் கெர்னலின் ஒவ்வொரு எண்ணும் ஒரு கோப்பாகத் தெரிவது அந்த வழியில் வந்தது. கோப்பைப் படித்தால் இப்போதைய மதிப்பு கிடைக்கும், எழுதினால் மதிப்பு மாறும். இதற்கென்றே இருந்த தனி சிஸ்டம் கால் ஒன்றை ஏறக்குறைய யாரும் பயன்படுத்தவில்லை. 2020 ஜனவரியில் வந்த 5.5 பதிப்பில் அதை எடுத்தேவிட்டார்கள்.

அந்தக் கோப்புகள் வட்டில் இல்லை. அவற்றில் ஒரு எண்ணை எழுதும் கணத்தில் கெர்னலுக்குள் ஒரு சிறு செயல்கூறு ஓடி, எண் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்து, மாறியில் வைக்கிறது. அவ்வளவுதான் வேலை. மின்சாரம் போனால் எண்ணும் போகும்.

மாறியில் வைத்தவுடன் எல்லாம் மாறிவிடும் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன. சில எண்களைக் கெர்னல் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்கிறது. நினைவகம் நெருக்கடியாகும்போது எதை வெளியே தள்ளுவது என்று சாய்வு சொல்லும் ஸ்வாப்பினஸ் அந்த வகை. மாற்றிய கணமே பலன் தெரியும். வேறு சில எண்கள், ஒரு பொருள் பிறக்கும்போது மட்டும் அதற்குள் படியெடுக்கப்படுகின்றன. டிசிபி நெரிசல் கட்டுப்பாட்டின் இயல்பு முறையை க்யூபிக்கிலிருந்து, 2016 இறுதியில் 4.9 பதிப்பில் வந்த கூகுளின் பிபிஆருக்கு மாற்றினால், இனிமேல் பிறக்கும் இணைப்புகளே பிபிஆரில் போகும். ஏற்கெனவே இருப்பவை பழைய முறையிலேயே முடியும். மூன்றாவது வகை ஒருவழிப் பாதை. கெர்னல் தொகுதிகள் ஏற்றுவதைத் தடுக்கும் எண்ணை ஒருமுறை 1 ஆக்கினால், அடுத்த ரீஸ்டார்ட் வரை ரூட்டாலும் அதை 0 ஆக்க முடியாது. பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். இந்த மூன்றில் தான் தொடப்போவது எது என்று தெரியாமல் கைவைப்பவர், மாற்றியும் பலனில்லை என்று அடுத்த எண்ணுக்குப் போவார். அதுவும் பலிக்காது, அதற்கடுத்ததற்கும் போவார்.

இதற்குச் சரியான எடுத்துக்காட்டு, நெரிசல் என்றதும் எல்லோரும் முதலில் தொடும் எண். பெயர் சோமாக்ஸ்கான். ஒரு இணைப்பு சர்வருக்குள் வர இரண்டு வரிசைகளைக் கடக்க வேண்டும். முதல் பாக்கெட் வந்து, கைகுலுக்கல் பாதியில் இருப்பவை ஒரு வரிசை. கைகுலுக்கல் முடிந்து, நிரல் வந்து அழைத்துப் போகக் காத்திருப்பவை இன்னொரு வரிசை. திருமலைக்குப் போனவர்களுக்கு இது விளங்கும்: சாலையோரம் நீளும் வரிசை முதலாவது, வைகுண்டம் வளாகத்தின் கூண்டு அறைகளில் உட்கார்ந்திருப்பது இரண்டாவது. சோமாக்ஸ்கான் அந்த அறைகளின் கொள்ளளவுக்கான உச்சவரம்பு. பல ஆண்டுகள் அது 128 ஆக இருந்தது. 2019 நவம்பரில் வந்த 5.4 பதிப்பில் 4,096 ஆக உயர்ந்தது.

பழைய சர்வரில் அதை 65,535 ஆக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. அது உச்சவரம்பு மட்டுமே. நிரல் கேட்கும் எண், இந்த உச்சவரம்பு, இரண்டில் சிறியதுதான் நடைமுறைக்கு வரும். வலைப்பக்கங்களைப் பரிமாறும் என்ஜின்எக்ஸ் நிரல் லினக்ஸில் இயல்பாகக் கேட்பது 511. ஆகவே சோமாக்ஸ்கானை எவ்வளவு உயர்த்தினாலும் என்ஜின்எக்ஸின் அமைப்பை மாற்றாதவரை 511தான். இன்னொன்றும் இருக்கிறது. இந்த எண், நிரல் 'கேட்கத் தொடங்கும்' கணத்தில் படியெடுக்கப்படுவது. 10.01 மணிக்குப் பதறிக்கொண்டு சோமாக்ஸ்கானை உயர்த்தினால், 10 மணிக்கு முன்பே கேட்கத் தொடங்கிவிட்ட நிரலுக்கு அது எட்டாது. நிரல் மறுபடி கேட்க வேண்டும். ஓடும் கணினியில் மாற்ற முடிகிற எண், ஓடும் நெரிசலில் உதவாமல் போகிறது. பெரிய எண் நல்லது என்று ஒரு காலத்தில் 65,536 எழுதியவர்கள் கதை இன்னும் மோசம். உள்ளே 16 பிட் இடமே இருந்ததால் அது சுருண்டு பூஜ்யமானது. அதற்குமேல் எழுத விடாமல் 2013இல்தான் கெர்னல் தடுத்தது.

எல்லாவற்றையும் சரியாகவே செய்து, வரிசையை உண்மையிலேயே நீட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். கூண்டு அறைகளைக் கூட்டினால் கர்ப்பக்கிரகத்தின் முன் வரிசை வேகமாக நகராது. தரவுத்தளம் நொடிக்கு எத்தனை டிக்கெட்டை எழுத முடியுமோ அத்தனைதான். நீளமான வரிசையில் நாற்பது நொடி காத்திருந்தவர் அதற்குள் பொறுமையிழந்து பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்திருப்பார். அவருடைய பழைய கோரிக்கை செத்துப்போய் வரிசையில் கிடக்கும். சர்வர் அந்தச் செத்த கோரிக்கைக்கும் உழைத்துப் பதில் தயாரிக்கும். இப்படிப் பார்த்தால், வரிசை சிறியதாக இருந்து, வாங்க முடியாத இணைப்பை வாசலிலேயே விட்டுவிடுவது மேல் என்று தோன்றும். விடப்பட்டவரின் கருவி தானாகவே ஒரு நொடி, பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று இடைவெளி விட்டு மீண்டும் தட்டும். தேவஸ்தானத் தளம் உள்ளே விடுவதற்கு முன்பு மெய்நிகர் வரிசையில் நிறுத்திக் காத்திருப்பு நேரம் காட்டுகிறதே, நெரிசலுக்கு உருப்படியான பதில் அது. அந்தப் பதில் பயன்பாட்டு நிரலின் மட்டத்தில் கிடைக்கிறது, கெர்னலில் அல்ல.

பத்து மணிக் கூட்டத்தைக் கெர்னல் எப்படிப் பார்க்கிறது என்பது சுவாரசியமானது. முதல் வரிசை நிரம்பி வழியும்போது பதிவேட்டில் அது எழுதும் செய்தி: 443ஆம் வாசலில் வெள்ளத் தாக்குதலாக இருக்கலாம், குக்கி அனுப்புகிறேன். 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பானிக்ஸ் என்ற இணைய நிறுவனத்தை, பாதிக் கைகுலுக்கலோடு நிற்கும் போலி இணைப்புகளைக் குவித்து முடக்கினார்கள். அப்போது டான் பெர்ன்ஸ்டைன் முன்வைத்த தற்காப்புதான் இந்தக் குக்கி: வருபவரைப் பற்றி எதையும் நினைவில் வைக்காமல், பதில் எண்ணுக்குள்ளேயே தகவலை மறைத்து அனுப்பிவிடுவது. பக்தர்கள் கூட்டமும் தாக்குதலும் கெர்னலின் கண்ணுக்கு ஒன்றுதான். இந்தச் செய்தியைப் பார்த்துப் பயந்து குக்கியை அணைப்பவர்கள் உண்டு. அணைக்கக் கூடாது, கடைசித் தடுப்பு அது.

எண்களில் மிக அதிகத் தீங்கு செய்தது என்று நான் ஒன்றைச் சொல்வேன்: டிடபிள்யூ ரீசைக்கிள். முடிந்த இணைப்பு ஒன்றை டிசிபி ஒரு நிமிடம் காத்திருப்பு நிலையில் வைத்திருக்கும். பரபரப்பான சர்வரில் இவை ஆயிரக்கணக்கில் சேரும். பார்ப்பவருக்குப் பதற்றம் வரும், ஆனால் ஒவ்வொன்றும் தின்னும் நினைவகம் மிகக் குறைவு. இவற்றைச் சீக்கிரம் துடைக்க ரீசைக்கிளை 1 ஆக்குங்கள் என்ற அறிவுரை பத்தாண்டுக்கும் மேலாகக் கைமாறிக்கொண்டிருந்தது. அதை 1 ஆக்கினால் கெர்னல் ஒவ்வொரு ஐபி முகவரியிலிருந்தும் கடைசியாக வந்த நேரமுத்திரையை நினைவில் வைத்துக்கொண்டு, அதைவிடப் பழைய முத்திரையோடு வரும் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். ஒரு முகவரிக்கு ஒரு கணினி என்றிருந்த காலத்தில் இது சரி. இன்றைக்கு ஒரு வீட்டு வைஃபையில் அப்பாவின் போனும் மகளின் லேப்டாப்பும் ஒரே முகவரியில் வெளியே போகின்றன. மொபைல் நிறுவனங்களோ எத்தனையோ வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொரு கருவியின் நேரமுத்திரையும் வேறு. ஆக ஒருவருக்குத் தளம் திறக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் திறக்காது. சர்வரில் பிழைச்செய்தி எதுவும் இருக்காது. பெருமாள் கூப்பிட்டால்தான் போக முடியும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். எந்தத் தளமானாலும் இந்த அமைப்பு இருந்தால், கூப்பிடாதது ஒரு எண்.

4.10 பதிப்பில் நேரமுத்திரைகளே இணைப்புக்கு இணைப்பு வேறுபடத் தொடங்கியதும் ரீசைக்கிள் யாருக்குமே சரிப்படாமல் போனது. 2017 ஜூலையில் வந்த 4.12இல் அதை அடியோடு நீக்கினார்கள். அதன் தம்பி போல வலம்வரும் இன்னொரு அறிவுரை, ஃபின் டைம்அவுட்டைக் குறைத்தால் காத்திருப்பு நிலை சுருங்கும் என்பது. அந்த எண் வேறொரு நிலைக்கு உரியது. காத்திருப்பு நிலையின் 60 நொடி கெர்னலின் மூலநிரலில் பதிந்திருக்கிறது. எந்தக் கோப்பில் எழுதினாலும் மாறாது.

நினைவகத்தின் பக்கம் போனால் நம்பிக்கைகள் இன்னும் கெட்டி. ஸ்வாப்பினஸின் இயல்பு மதிப்பு 60. நினைவகம் 60 சதவீதம் நிரம்பினால் ஸ்வாப் தொடங்கும் என்று பலர் படித்திருக்கிறார்கள். அது சதவீதமே அல்ல. நிரல்களின் பக்கங்களையா, கோப்புகளின் பக்கங்களையா, எதைத் திரும்ப எடுப்பது மலிவு என்ற ஒப்பீட்டு எடைதான். 5.8 பதிப்பிலிருந்து அது 200 வரை போகும் என்பதே சதவீதம் இல்லை என்பதற்குச் சான்று. தற்காலிக நினைவகத்தைத் துடைக்கும் ட்ராப் கேஷஸ் கோப்பில் மணிக்கொருமுறை 3 எழுத கிரான் போட்டு வைத்திருக்கும் சர்வர்களும் உண்டு. கெர்னல் ஆவணம் இதற்கு எதிராகவே எச்சரிக்கிறது. துடைத்ததையெல்லாம் வட்டிலிருந்து மறுபடி படிக்க வேண்டுமே. ஃப்ரீ கட்டளையில் காலி இடம் அதிகமாகத் தெரிவதைத் தவிர வேறு நன்மை இல்லை.

கவனிக்க வேண்டியது, எழுதப்படாமல் நினைவகத்தில் தேங்கும் தரவு. இயல்பாக, கிடைக்கக்கூடிய நினைவகத்தில் 20 சதவீதம் வரை தேங்க விடுகிறது கெர்னல். 4 ஜிபி இருந்த காலத்தில் அது சிறு தொகை. 256 ஜிபி இயந்திரத்தில் 50 ஜிபியை நெருங்கும். வட்டு மெதுவானதாக இருந்தால் தேங்கியதெல்லாம் ஒரே நேரத்தில் இறங்கும்போது சர்வர் உறைந்து நிற்கும். மின்சாரம் போனால் இழப்பும் பெரிது. எல்லாச் சிறு அலுவலகத்திலும் நல்ல யுபிஎஸ் இருப்பதில்லை. சதவீதத்துக்குப் பதில் பைட் கணக்கில் வரம்பு வைக்கும் எண்களும் அங்கேயே இருக்கின்றன. பெரிய நினைவகம் உள்ளவர்கள் அவற்றைப் பயன்படுத்துவது நல்லது.

சித்தூர்–திருப்பதி சாலையில் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. 53 மெகாஹெர்ட்ஸில் இயங்கும், 1,024 யாகி ஆண்டெனாக்கள் கொண்ட எம்எஸ்டி ரேடார் அங்கே 1990களிலிருந்து மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது. அத்தகைய ஆய்வுக்கு வானிலை மாதிரிகளை ஓட்டும் கணிப்பு இயந்திரங்களின் உலகம் டிக்கெட் சர்வரின் உலகத்துக்கு நேர் எதிர். அங்கே வாசலில் கூட்டம் இல்லை; ஒரே கணக்கு மணிக்கணக்கில், நாள்கணக்கில் செயலியின் எல்லாக் கோர்களையும் பிடித்துக்கொண்டு ஓடும். அப்படிப்பட்ட வேலைக்கு முக்கியமான எண்கள் வேறு: பெரிய நினைவகப் பக்கங்கள், நினைவகத்தைச் செயலிக்கு அருகில் நகர்த்தும் நூமா சமநிலை, செயலியின் வேகத்தை மின்சாரச் சிக்கனத்துக்குக் குறைக்கலாமா என்பது. இவற்றில் பல, 2003இல் 2.6 பதிப்போடு வந்த சிஸ்எஃப்எஸ் அடைவில் இருக்கின்றன. பெரிய பக்கங்களைத் தானாகத் தரும் வசதி அறிவியல் கணக்குக்கு நல்லது. ரெடிஸ் போன்ற தரவுத்தளங்களோ அதை அணைக்கச் சொல்கின்றன. ஒரே எண், இரண்டு இயந்திரம், எதிரெதிர் விடை. எல்லாச் சர்வருக்குமான ஒரே பட்டியல் என்று யாராவது நீட்டினால் சந்தேகப்பட இது ஒன்றே போதும்.

ஓடும்போதே மாற்றும் வசதி தன் மதிப்பை முழுதாகக் காட்டிய இடங்கள் வேகத்துக்கானவை அல்ல, ஆபத்துக்கானவை. 2019 ஜூனில் நெட்ஃபிளிக்ஸின் ஜானதன் லூனி கண்டுபிடித்த டிசிபி ஓட்டை, ஒழுங்காகக் கோத்த சில பாக்கெட்டுகளால் தொலைவிலிருந்தே லினக்ஸை வீழ்த்தக்கூடியது. அதை அடைக்கும் ஒட்டு வந்து ரீஸ்டார்ட் செய்யும் வரை என்ன செய்வது? டிசிபி சாக் என்ற எண்ணை 0 ஆக்கினால் போதும். வேகம் கொஞ்சம் குறையும், இயந்திரம் பிழைக்கும். உலகெங்கும் நிர்வாகிகள் அதைச் செய்தார்கள். 2012 ஜூலை 1, இந்திய நேரம் காலை 5.30க்குச் சேர்ந்த லீப் விநாடி இன்னொன்று. கெர்னலின் கடிகாரக் கணக்கில் பிழை ஏற்பட்டு, பல சர்வர்களின் செயலிகள் வேலையே இல்லாமல் முழு வேகத்தில் சுழன்றன. அன்றைக்குப் பரவிய மருந்து, கணினியின் நேரத்தை அதே நேரமாகவே மறுபடி அமைப்பது. அபத்தமாகத் தோன்றும், ஆனால் கெர்னல் தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள அதுவே போதுமானதாக இருந்தது.

எண்களைத் தாண்டி, ஓடும் கெர்னலின் நிரலையே மாற்றும் வித்தையும் வளர்ந்திருக்கிறது. எம்ஐடி மாணவர் ஜெஃப் அர்னால்டின் கேஸ்ப்ளைஸ் 2008 வாக்கில் வந்தது. 2011இல் ஆரக்கிள் அதை வாங்கிக்கொண்டது. ரெட் ஹாட்டும் சூசேயும் தனித்தனியாகச் செய்தவற்றின் பொது அடித்தளம் 2015இல் 4.0 பதிப்பில் சேர்ந்தது. 2024 நவம்பரில் வந்த 6.12இல் செயலி நேரத்தைப் பங்கிடும் முறையையே ஓடும்போது மாற்றிப்போட முடிகிறது. பெரிய நிறுவனங்களின் உலகம் அது. பத்து சர்வர் வைத்திருப்பவருக்கு இன்னும் எண்கள்தான்.

அவருடைய உண்மையான தலைவலி, எண் எங்கே வாழ்கிறது என்பது. கட்டளையால் மாற்றியது நினைவகத்தில் இருக்கிறது. நிலைக்க வேண்டுமானால் /ஈடிசி அடைவில் உள்ள சிஸ்சிடிஎல் கோப்பில் எழுத வேண்டும். நள்ளிரவில் கட்டளையால் மாற்றிப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டு, எழுத மறந்துவிடுவார்கள். எட்டு மாதம் கழித்து மின்சாரம் போய் வரும்போது பழைய பிரச்சினை புதிதாகத் திரும்பும், காரணம் யாருக்கும் நினைவிருக்காது. எதிர்ப்பக்கமும் உண்டு: கோப்பில் இருக்கிறது, ஆனால் ஏறவில்லை. 2025இல் வந்த டெபியன் 13, இத்தனை ஆண்டுகள் எல்லோரும் எழுதிவந்த சிஸ்சிடிஎல்.கான்ஃப் கோப்பைத் துவக்கத்தின்போது படிப்பதை நிறுத்திவிட்டது. சிஸ்சிடிஎல்.டி அடைவில் தனிக் கோப்பாக வைத்தால்தான் ஏறும். பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தும் சர்வர்களில் எத்தனையோ அமைப்புகள் இப்படிச் சத்தமில்லாமல் உதிரும். கன்டெய்னர் வந்தபின் இன்னொரு அடுக்கும் சேர்ந்தது. பிணையத்தின் பல எண்கள் கன்டெய்னருக்குக் கன்டெய்னர் தனி. நினைவகத்தின் எண்கள் மொத்த இயந்திரத்துக்கும் பொது. தேடல் நிரலான எலாஸ்டிக்சர்ச் கேட்கும் 2,62,144 என்ற நினைவக வரைபட வரம்பை ஒரு கன்டெய்னருக்காக உயர்த்தினால், அந்த இயந்திரத்தில் உள்ள எல்லோருக்கும் உயரும்.

ஆகவே என் தீர்ப்பு கொஞ்சம் கஞ்சத்தனமானது. இன்றைய கெர்னலின் இயல்பு மதிப்புகள் பத்தாண்டுக்கு முந்தைய அறிவுரைகளைவிட நல்லவை. அளந்து பார்க்காமல் எதையும் தொட வேண்டியதில்லை. வரிசை வழிகிறதா என்று என்ஸ்டாட் கட்டளையின் லிசன் ஓவர்ஃப்ளோஸ் எண்ணைப் பார்த்தால் தெரியும்; அது ஏறவில்லையென்றால் சோமாக்ஸ்கான் உங்கள் பிரச்சினை அல்ல. தொடுவதானால் ஒரு நேரத்தில் ஒரு எண், பழைய மதிப்பைக் குறித்துவைத்துக்கொண்டு.

சித்தூரிலோ திருப்பதியிலோ வேலூரிலோ, கல்லூரிக்கோ மருத்துவமனைக்கோ கடைக்கோ சர்வர் பார்த்துக்கொள்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சிஸ்சிடிஎல் கோப்பில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் மேலே, யார், எந்தத் தேதியில், எதற்காக மாற்றினார் என்று ஒரு குறிப்பு எழுதுங்கள். எதற்கென்று யாராலும் சொல்ல முடியாத வரிகளை, நெரிசல் இல்லாத ஒரு நாளில், ஒவ்வொன்றாக இயல்பு மதிப்புக்குத் திருப்பிப் பாருங்கள்.